நிமோனியாவுக்குப் பின்னால் நின்ற நோய்

எச்.ஐ.வி. கிருமி ஒரு குழந்தையைத் தானே கொல்வது அபூர்வம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாய்த் தின்றுவிட்டு, கொல்லும் காரியத்தை மற்ற வியாதிகளிடம் ஒப்படைத்துவிடுவதே அதன் சுபாவம். ஆகையால்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு சிசு மூச்சுத் திணறி இறந்தபோது, மரணக் காரணம் நிமோனியா என்று எழுதி முடித்துவிடுவது எளிதாயிருந்தது. எந்த நிமோனியா என்று அறிய, ஜாம்பியாவின் தலைநகரான லுஸாகாவில், பல்கலைக்கழகப் போதனா மருத்துவமனையின் பேராசிரியர் சிஃபும்பே சின்டுவும் அவருடைய சகாக்களும், சுவாச நோயால் இறந்த 264 குழந்தைகளின் நுரையீரல்களைப் பிரேதப் பரிசோதனையில் ஆராய்ந்து, 2002இல் முடிவை வெளியிட்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த துக்கத்தினிடையே அதற்குச் சம்மதித்த பெற்றோருக்கு வைத்திய சாஸ்திரம் பட்டிருக்கும் கடன் பெரிது.

264 பேரில் 180 பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. சீழ் பிடித்த நிமோனியாவும் காசமும் இரு சாராரிடமும் காணப்பட்டன. ஆனால், ஆரோக்கியமான உடம்பு பொருட்படுத்தாத நியூமோசிஸ்டிஸ் என்னும் பூஞ்சணம், எச்.ஐ.வி. உள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 29 பேரின் நுரையீரலை அடைத்திருந்தது. மொத்தம் 58 குழந்தைகளிடம் தென்பட்ட அந்தப் பூஞ்சணத்துக்கு இரையானவர்களில் 51 பேர் ஒரு வயதுகூட நிரம்பாதவர்கள்.

இதைத் தடுக்கும் கோட்ரைமாக்ஸசோல், நம்மூரில் செப்ட்ரான் என்ற பெயரில் பலரும் அறிந்த, விலை மலிந்த பழைய மாத்திரைதான். ஜாம்பியாவில் உலவிய பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை அதற்கு அடங்காதவையாகிவிட்டதால், அதனால் என்ன பயன் விளையும் என்ற ஐயம் இருந்தது, நியாயமான ஐயமே. எனினும், லுஸாகாவில் 2001இல் தொடங்கி, எச்.ஐ.வி. உள்ள, ஒரு வயதுக்கு மேற்பட்ட 541 குழந்தைகளில் பாதிப் பேருக்கு அம்மருந்தையும் மற்றவர்க்கு மருந்தற்ற போலியையும் தினந்தோறும் கொடுத்துவந்தபோது, போலி பெற்றவர்களில் நூற்றுக்கு 42 பேர் இறக்க, மருந்து பெற்றவர்களில் 28 பேரே இறந்தார்கள். இந்த வித்தியாசம் தெளிவானதும், 2003இல் சோதனையை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள்.

மாத்திரை காவல் காக்குமேயன்றிக் கிருமியை அடக்காது. அடக்கும் மருந்தை எப்போது தொடங்குவது என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் ஸோவெட்டோவிலும் கேப்டவுனிலும் நடந்த ஆராய்ச்சி 2008இல் விடை தந்தது: நோய் முற்றட்டும் என்று காத்திருந்த சிசுக்களில் நூற்றுக்கு 16 பேரும், மூன்று மாதம் நிரம்புமுன்பே மருந்து பெற்றவர்களில் 4 பேரும் மாண்டார்கள்.

ஆனால் எந்தச் சிசுவுக்கு நோய் என்று தெரிய வேண்டுமே! தாயின் ரத்தத்திலிருந்து வந்த எதிர்ப்புப் பொருள்கள் பதினெட்டு மாதம் வரை குழந்தையிடம் தங்கக்கூடுமாதலால், சாதாரணப் பரிசோதனை நோயற்ற குழந்தையையும் நோயாளி என்று காட்டிவிடும். கிருமியையே தேட வேண்டும். ஆறாம் வாரம் தடுப்பூசிக்கு வரும் சிசுவின் குதிகாலில் குத்தி, தடித்த வடிதாளில் சில சொட்டு ரத்தம் ஒற்றி, நிழலில் உலர்த்தி, உறையிலிட்டுத் தூரத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். பதில் வர வாரக்கணக்கில் ஆகும். சிகிச்சையில்லாத குழந்தைகளின் மரணம் உச்சத்தை எட்டுவதோ இரண்டு மூன்று மாத வயதிலேதான். இப்போது சில இடங்களில் சிகிச்சை நிலையத்திலேயே சிறு இயந்திரம் வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் விடை கண்டு, தாய் வீடு திரும்புமுன்பே மருந்தைக் கையில் கொடுத்தனுப்புகிறார்கள்.