அயர்லாந்து நடிகர் நமக்குச் செய்தது

கடலூர் வட்டாரத்தின் வரலாற்றில் அயர்லாந்துக்காரர் என்றால் முதலில் நினைவுக்கு வருபவர்கள் படைத்தலைவர்கள்தாம். அயர்லாந்து வம்சாவளியில் வந்த பிரெஞ்சுத் தளபதி லாலி 1758 ஜூனில் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையைப் பிடித்தார். அயர்லாந்தில் பிறந்த ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் 1781இல் பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலியை வென்றார். இந்தப் போர்கள் பாடநூலில் ஏறிவிட்டன. 1915இல் சென்னைக்கு வந்து, பெரும்பாலும் இந்தியாவிலேயே வாழ்ந்து, 1956இல் மதனப்பள்ளியில் மறைந்த ஜேம்ஸ் கஸின்ஸை அறிந்தவர்களோ சிலர்தாம். அவரை அறிந்தவர்களும் கவிஞர், பிரம்மஞானி என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர் செய்த பெரிய காரியங்களின் வேர் நாடக மேடையில் இருக்கிறது என்பதே என் வாதம்.

பெல்ஃபாஸ்ட்டில் 1873இல் பிறந்த கஸின்ஸ், குமாஸ்தா வேலை பார்த்தபடி எழுதியவர். டப்ளினில் நாடகக் கலைஞர்களான ஃபே சகோதரர்கள் தங்கள் நாட்டுக் கதையை நடிக்க நாடகம் தேடியபோது, அவர்களைக் கவிஞர் ஜார்ஜ் ரஸ்ஸலிடம் அழைத்துப்போனவர் இவர். ரஸ்ஸலின் 'டெய்ர்ட்ரி' நாடகம் 1902 ஏப்ரலில் செயின்ட் தெரசா மண்டபத்தில் அரங்கேறியது. கஸின்ஸும் அதில் வேடம் கட்டினார். பகலில் பிழைப்பு, மாலையில் ஒத்திகை என்றிருந்த அந்தக் குழுவின் முயற்சிதான் 1904இல் அபே தியேட்டராக வளர்ந்தது. அந்நிய ஆட்சியில் கூசிக் கிடக்கும் மக்கள் தங்கள் கதையைத் தாங்களே மேடையேற்றினால் நிமிர்வார்கள் என்பதை கஸின்ஸ் அங்கே கண்ணால் கண்டார்.

இந்தியாவிலும் அவர் மக்களைத் தங்கள் கதையின், கலையின் பக்கம் திருப்பவே முயன்றார். ஆங்கில ஆட்சிக்கு எதிரான அயர்லாந்தின் 1916 ஈஸ்டர் எழுச்சியைப் போற்றி எழுதியதால் அன்னி பெசன்ட்டின் 'நியூ இந்தியா' பத்திரிகை வேலையை இழந்தார். அவருடைய திறனாய்வு நூல் ஒன்றைப் படித்ததன் தூண்டுதலில்தான், கடலூருக்குப் பக்கத்துப் புதுச்சேரியில் இருந்த அரவிந்தர் 1917 டிசம்பரில் 'எதிர்காலக் கவிதை' பற்றிய தம் தொடரைத் தொடங்கினார். 1935இல் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்ராலயம் ஓவியக்கூடம் உருவானதிலும், 1936இல் ருக்மிணி தேவி நடனம் கற்பிக்கும் கலாக்ஷேத்ராவைத் தொடங்கியதிலும் கஸின்ஸுக்குப் பங்கு உண்டு.

நம் கலையின் அருமையை நமக்குச் சொல்ல ஓர் அயல்நாட்டார் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சிதம்பரம் கோபுர வாயில்களில் நடனத்தின் 108 கரணங்கள் பல நூற்றாண்டுகளாக நிற்கின்றன. ஆட்டத்தை உயிரோடு காத்தவர்கள் நட்டுவனார்களும் தேவதாசிகளும். அந்தப் புகழில் ஒரு துளியும் கஸின்ஸுக்குச் சேராது. ஆனால் அன்று ஆங்கிலம் படித்த நம்மவர்களில் பலர் அந்தக் கலையைத் தாழ்வாக எண்ணினார்கள். அவர்கள் மதித்த மொழியிலேயே அவர்களிடம் வாதாட ஓர் ஆள் வேண்டியிருந்தது. அவருடைய கவிதைகள் நிற்கவில்லையே என்பது இன்னொரு குறை. அதுவும் உண்மைதான். ஆயினும் பிறரைச் செயலில் இறக்குவதும் கலைப்பணியே. டப்ளினில் ரஸ்ஸலின் நாடகம் மேடையேறவும் புதுச்சேரியில் அரவிந்தர் எழுதவும் தூண்டிய கை ஒன்றுதான்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. கடலூர், சிதம்பரம் பக்கத்துக் கிராமங்களில் பகலில் வயல்வேலை செய்து இரவில் அடவுகட்டும் தெருக்கூத்துக் கலைஞர்களும் அந்த டப்ளின் குழுவைப் போன்றவர்களே. அவர்களுக்கு ஒரு மேடையும் நல்ல சம்பளமும் கொடுத்து, அவர்கள் ஆட்டத்தை ஊரார் விடியும்வரை உட்கார்ந்து பார்க்க வேண்டும். கஸின்ஸ் வாழ்க்கை முழுவதும் வற்புறுத்தியது அந்த மரியாதையைத்தான்.