ஆறு மாதத்துப் பணம்

முலையூட்டி விலங்குகளை ஆராயப் புகும் மாணவர்க்கு முதலில் வேண்டுவது யாது? நூலறிவு என்பர் சிலர். நுண்ணிய கருவிகள் என்பர் வேறு சிலர். இரண்டும் வேண்டியனவே. எனினும், அவற்றுக்கெல்லாம் முன்னதாக வேண்டப்படுவது காலம். முலையூட்டிகளுட் பல இரவில் இயங்குவன. பகலில் இயங்குவனவும் மனிதரைக் கண்டதும் மறைவன. அவற்றின் வாழ்வை அறிய விரும்புவோர் மாதக் கணக்காகக் காத்திருத்தல் வேண்டும். அக்காத்திருப்புக்கு உணவும் உறையுளும் அளிப்பதே ஆராய்ச்சி உதவிப்பணத்தின் முதற்பயன்.

இதற்கு ஜேன் குடோலின் வரலாறு தக்க சான்றாகும். 1960ஆம் ஆண்டில் அவருக்கு வயது 26. பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் அவரிடம் இருக்கவில்லை. நைரோபியில் லூயி லீக்கி என்னும் அறிஞரின் காரியதரிசியாகப் பணியாற்றியவர் அவர். தங்கனிக்கா ஏரிக் கரையிலுள்ள கொம்பே காட்டுக்கு அவரை அனுப்பிச் சிம்பன்சிகளை ஆராயச் செய்ய வேண்டுமென லீக்கி எண்ணினார். பட்டம் பெறாத இளம் பெண்ணை நம்பிப் பணம் கொடுப்பவர் யார்? அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தில் இயந்திரக் கருவிகள் செய்யும் தொழிலதிபர் லேற்றன் வில்க்கி என்பவர் முன்வந்தார். அவர் வழங்கியது 3,000 டொலர். ஆறு மாதத்துக்குப் போதுமான தொகை.

இளம் பெண்ணொருவர் காட்டில் தனித்திருப்பதை அதிகாரிகள் அனுமதிக்கவில்லை. ஆகவே தாயாரும் உடன் சென்றார். 1960 யூலை 14இல் இருவரும் கொம்பேயை அடைந்தனர். சில வாரங்களில் மலேரியா இருவரையும் வாட்டியது. சிம்பன்சிகளோ அவரைத் தொலைவிற் கண்டவுடனேயே ஓடின. நாட்கள் கழிந்தன, கைப்பணமும் கரைந்தது.

ஒக்டோபர் மாத இறுதியில், சிம்பன்சி இறைச்சி உண்பதை அவர் கண்டார். நவம்பர் 4ஆம் நாள், நரைத்த தாடியையுடைய ஆண் சிம்பன்சியொன்று கறையான் புற்றருகே அமர்ந்து, புல்லொன்றைத் துளையினுள் நுழைத்து, அதைக் கௌவிய கறையான்களை வெளியே இழுத்து உண்டது. பின்னர், சிறு கொப்புகளின் இலைகளை உருவி நீக்கிக் கருவியாக்குவதையும் அவர் கண்டார். கருவி செய்வோன் மனிதன் ஒருவனே என்ற கொள்கை அன்று ஆட்டங்கண்டது. அதனை ஆட்டியது கருவி செய்யும் தொழிலதிபர் ஒருவரின் பணம் என்பது எண்ணி வியக்கத்தக்கது அன்றோ!

ஒரு கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம். வில்க்கி மூன்று மாதத்துக்கு மட்டும் பணம் கொடுத்திருந்தால், ஒக்டோபர் நடுப்பகுதியில் குடோல் ஊர் திரும்பியிருப்பார். இவ்விரு காட்சிகளையும் கண்டிருக்க மாட்டார். 1961இல் அமெரிக்காவின் தேசியப் புவியியற் சங்கம் அளித்த 1,400 டொலரும் கிடைத்திராது. 1962இல் பட்டமில்லாமலே கேம்பிறிட்ஜில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்து, 1966இல் கலாநிதியாகும் வாய்ப்பும் வந்திராது. அவர் 2025இல் மறைந்தார். கொம்பே ஆய்வோ அறுபது ஆண்டுகளைக் கடந்து நடைபெறுகின்றது.

பரிசும் உதவிப்பணமும் ஒன்றல்ல. பரிசு, முடிந்த பணியைப் பாராட்டுவது. உதவிப்பணம், இன்னும் தொடங்காத பணியை நம்புவது. 1919இல் வாஷிங்டனில் தோன்றிய அமெரிக்க முலையூட்டியியற் சங்கம் இரண்டையும் செய்கின்றது. மாணவரின் ஆய்வுச் செலவுக்கு உதவிப்பணம் தருகின்றது. ஆண்டுக் கூட்டத்திற் சிறந்த கட்டுரை படிக்கும் மாணவர்க்குப் பரிசும் வழங்குகின்றது. லீக்கியின் பெயரால் 1968இல் கலிபோணியாவில் நிறுவப்பட்ட நிதியம், குரங்கினங்களையும் மனிதத் தோற்றத்தையும் ஆராயும் கலாநிதிப் பட்ட மாணவர்க்கு உதவுகின்றது. அதே 1968ஆம் ஆண்டில் ஸ்மித்சோனியன் நிறுவகத்தின் ஆதரவுடன் நம் பொலன்னறுவையில் தொடங்கிய குரங்கு ஆய்வும் அரை நூற்றாண்டைக் கடந்து விட்டது.

இத்தகைய உதவியை நாடும் மாணவர், தம் வறுமையை விரித்தெழுதுவதாற் பயனில்லை. அறிய விரும்புவது எது, எங்கே, எத்தனை நாள், எவ்வளவு செலவு என்பனவற்றைத் தெளிவுற எழுதுதல் வேண்டும். ஆசிரியர்க்கும் இதிற் பங்குண்டு. வில்க்கியின் பணத்துக்கு முன் நின்றது லீக்கியின் சொல். பட்டத்தைப் பாராது பொறுமையைப் பார்த்து, “இவரை நம்பலாம்” என்று எழுதிக் கொடுத்த ஆசான் அவர். அந்த ஒரு சொல் கிடையாமையால் எத்தனை மாணவர் காட்டின் வாயிலிலேயே நின்று விட்டனரோ!