மலிவுக் கிற்றாரும் மாசற்ற நாதமும்

கருவி நன்றெனின் இசை நன்று. கருவி தீதெனின் இசைப்போன் என் செய்வான்? இவ்வுண்மையைத் தமிழர் நெடுங்காலத்துக்கு முன்னரே உணர்ந்திருந்தனர். சீவகசிந்தாமணியிற் காந்தருவதத்தையார் இலம்பகத்தைப் படித்தோர், தன்முன் கொணரப்பட்ட வீணைகளைச் சீவகன் ஒன்றன்பின் ஒன்றாகக் குற்றங்கூறி விலக்கும் பகுதியை மறந்திரார். நீரில் ஊறிய மரம், இடி வீழ்ந்த மரம் என்று மரத்தின் குற்றங்களை முதலில் எடுத்துரைக்கின்றான். நரம்பினுள்ளே மறைந்து கிடந்த மயிரையும் காட்டுகின்றான். இசைப் போரில் வெல்வதற்கு முதற்படி கருவியைச் சோதித்தலே என்பது திருத்தக்கதேவர் கருத்துப் போலும்.

இன்று நம் இளைஞர் பலர் கையில் ஏந்துவது யாழுமன்று, வீணையுமன்று, மின் கிற்றார். அஃது அந்நியக் கருவியென்று முகஞ்சுளிப்பார் உளர். அவ்வழக்கினுள் யான் புகவில்லை. மேலைத் தேயத்து வயலின் நம் இசையரங்கில் அமர்ந்து இருநூறு ஆண்டுகளாகின்றன; அதனை இன்று அந்நியம் என்பார் எவருமிலர். யான் ஈண்டு ஆராயப் புகுந்தது வேறொன்று. விலைகுறைந்த கிற்றார் ஒன்றை ஆசையோடு வாங்கிய மாணாக்கன் சில திங்களில் அதனைச் சுவரிற் சாத்திவிட்டு, "எனக்கு இசை வராது" என்று கைவிடுகின்றானே, அது யார் குற்றம்?

செவியின் குற்றமா, மேருவின் குற்றமா?

எங்கள் கல்லூரி மாணாக்கன் ஒருவன் இத்தகைய கிற்றார் ஒன்றை வைத்திருந்தான். தந்திகளை எவ்வளவு சுருதி கூட்டினும், முதல் மெட்டிற் கைவைத்தவுடன் ஒலி பிசகியது. விரல் நுனிகள் கன்றிப் புண்ணாயின. அவனுக்குப் பயிற்றியவர், "உனக்குச் செவி போதாது" என்று கூறிவிட்டார். அவனும் அதனை நம்பிவிட்டான்.

வீணையில் மேரு, மெட்டு, குதிரை, பிருடை என்பன யாவையோ, அவையே கிற்றாரில் நட், பிரெட், பிறிட்ஜ், மெஷின் ஹெட் என வழங்குவன. வீணை அறிந்தோர்க்குக் கிற்றாரின் நோயை அறிவது அரிதன்று. தந்தியை மூன்றாம் மெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் மெட்டுக்கும் தந்திக்கும் இடையே நோக்குக. மயிரிழை போன்ற வெளியே இருத்தல் வேண்டும். அவன் கருவியிலோ தடித்த கடுதாசி மட்டையே நுழையும் அளவு வெளி இருந்தது. மேருவின் பள்ளங்கள் ஆழமாக அராவப்படவில்லை. உயரத்திற் கிடக்கும் தந்தியை முதல் மெட்டுவரை அழுத்துங்கால் அது இழுபட்டு இறுகுகின்றது. இறுகவே சுருதி ஏறுகின்றது. வெறுந்தந்தி சுருதியோடிருக்க, அழுத்திய தந்தி பிசகுவதன் காரணம் இதுவே. பிசகியதை உணர்ந்து வருந்திய பிள்ளையின் செவி நல்ல செவி. வீணை திருத்தும் முதியவர் ஒருவர் நுண்ணிய அரத்தினால் ஆறு பள்ளங்களையும் அரை மணி நேரத்திற் சீராக்கிக் கொடுத்தார். அம்மாணாக்கன் இன்றும் வாசிக்கின்றான்.

மலிவு என்பது யாது?

மலிவுக் கருவியின் மலிவு எங்கே தங்கியுள்ளது என்பதை ஆராய்தல் வேண்டும். அமெரிக்க நாட்டுக் கலிபோர்ணியாவில் வானொலி திருத்துநராயிருந்த லியோ பெண்டர், 1950இல் முழுமரத்தாலான மின் கிற்றாரை விற்பனைக்குக் கொணர்ந்தார். 1954இல் அவரது ஸ்ட்ராற்றகாஸ்ரர் வெளிவந்தது. அவர் கிற்றார் வாசிக்க அறியாதவர். ஆயினும் திருத்துவோன் கண்ணோடு கருவியை நோக்கினார். தண்டியை உடலோடு பசையால் ஒட்டாது, நான்கு திருகாணிகளாற் பிணைத்தார். உறுப்பொன்று பழுதாயின் அதனைமட்டும் கழற்றி மாற்றலாம். இன்றைய மலிவுக் கிற்றார்களிற் பல அவ்வமைப்பையே பின்பற்றுவன; ஆதலின் அவற்றை உறுப்புறுப்பாகத் திருத்துதல் இயலும்.

இக்காலத்து மலிவுக் கருவிகள் சீனம், இந்தோனேசியா முதலிய நாடுகளிற் கணினி இயக்கும் பொறிகளால் வெட்டப்படுகின்றன. அப்பொறி மரத்தை அளவு பிசகாது அறுக்கும். மெட்டுக்கள் இருக்கவேண்டிய இடமும் பெரும்பாலும் சரியாகவே அமையும். பொறி செய்யாது விடுவது இறுதிக் கைவேலை: மேருவை அராவுதல், மெட்டுக்களைச் சமப்படுத்தி மெருகிடுதல், தந்தியின் உயரத்தைப் பொருத்துதல். கைவேலைக்குக் கூலி மிகுதி. விலை குறைவதற்காக முதலில் கைவிடப்படுவது அதுவே. ஆகவே, மலிவுக் கருவி பெரும்பாலும் கெட்ட கருவியன்று; முடிவுறாத கருவி.

செலவில்லாத் திருத்தங்கள்

முதலில் தந்திகளை மாற்றுக. கடற்காற்று வீசும் நம் ஊர்களில் உருக்குத் தந்தி விரைவில் துருவேறும். துருவேறிய தந்தியில் நாதமும் இராது, சுருதியும் நில்லாது.

அடுத்துத் தண்டியை நோக்குக. அதனுள்ளே ஓர் உருக்குக் கோல் உண்டு; கிப்சன் நிறுவனத்தார் 1920களிற் புகுத்திய உபாயம் இது. தந்திகளின் இழுவிசையால் தண்டி வளைவதை இக்கோல் தடுக்கின்றது. முதல் மெட்டையும், தண்டி உடலோடு சேருமிடத்து மெட்டையும் ஒருங்கே அழுத்தின், ஏழாம் மெட்டின்மேல் ஏறத்தாழ கால் மில்லிமீற்றர் வெளி இருத்தல் நன்று. மிகினுங் குறையினும் கோலின் முனையைக் காற்சுற்றுக் காற்சுற்றாகத் திருப்புக, வலிந்து திருகற்க. அதன்பின், 12ஆம் மெட்டின்மேல் தந்தி ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீற்றர் உயரத்தில் நிற்குமாறு குதிரையின் தாங்கிகளைத் தாழ்த்துக.

இனித் தந்தியின் நீளம். 12ஆம் மெட்டு தந்தியின் நடுவிடம். அங்கே தொட்டுந் தொடாமலும் விரல் வைத்து மீட்டின் மணியோசை போன்ற ஒரு நுண்ணொலி எழும். அதே மெட்டில் அழுத்தியும் மீட்டுக. இரண்டும் ஒத்தால் நீளம் சரி. அழுத்திய ஒலி ஏறியிருப்பின் தாங்கியைப் பின்னே நகர்த்தித் தந்தியை நீட்டுக. இறங்கியிருப்பின் முன்னே நகர்த்துக. நரம்பின் நீளமும் சுருதியும் கணிதத்தாற் பிணிப்புண்டவை. காரைதீவு ஈன்ற விபுலானந்த அடிகள் 1947இல் அரங்கேற்றிய 'யாழ் நூல்' இக்கணிதத்தையே துணைக்கொண்டது. தமிழாராய்ச்சிக்கு விஞ்ஞானக் கல்வியும் வேண்டுமென அடிகள் வாழ்ந்து காட்டினார்.

மேருவிலே தந்தி சிக்கிச் சுருதி நழுவுமாயின், பள்ளங்களிற் பென்சிற்கரியைத் தடவுக. காசு செலவின்றித் தீரும் குறை இது.

செலவு செய்யுமிடம்

கையில் சிறிது பொருள் இருப்பின், உட்பொள்ளான பிளாத்திக்கு மேருவை நீக்கி எலும்பாலானதைப் பொருத்தலாம். மேடுபள்ளமான மெட்டுக்களைக் கைதேர்ந்தவர் ஒருவரைக் கொண்டு சமப்படுத்துவித்தல் எல்லாவற்றினும் பயன் மிக்கது. பிருடைகள் தளர்ந்திருந்தால் மாற்றுதல் தகும்.

பிக்கப் என்னும் உறுப்பை இறுதியிலே கருதுக. காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக்கம்பி சுற்றிய சுருள் அது. உருக்குத் தந்தி அதன்மேல் அதிரும்போது, 1831இல் மைக்கல் பரடே கண்ட நெறிப்படி, சுருளில் மின்னோட்டம் எழுகின்றது. பலரும் முதலில் இதனையே மாற்ற விரைகின்றனர். ஆனால் அதன் உயரத்தைத் திருகாணியால் ஏற்றி இறக்குவதாலேயே நாதம் பெரிதும் வேறுபடும். காந்தம் தந்திக்கு மிக நெருங்கின் தந்தியை இழுத்து அதிர்வைக் கெடுக்கும். மிக விலகின் ஒலி மெலியும்.

ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கள் இரைச்சலிடுவதுண்டு. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்றாகத் திசைமாறி ஓடுவது. அதன் காந்த அலைகளைச் சுருள் வாங்கி முனகுகின்றது. 1955இல் கிப்சன் நிறுவனத்துச் செத் லவர் இரு சுருள்களை எதிரெதிராய் அமைத்து இம்முனகலைத் தணித்தார். நாம் உட்குழியிற் செப்புத் தகடு ஒட்டி அதனை நிலத்தொடுப்போடு இணைப்பின், வேறு மின்கருவிகளிலிருந்து புகும் கரகரப்பேனும் குறையும். எச்சரிக்கை ஒன்று: சாதாரணக் கிற்றாரைப் பெருக்கியினின்றும் கழற்றியபின் திறத்தலில் தீங்கில்லை. ஒலிபெருக்கியின் உள்ளே மாணாக்கர் கைவையாதிருத்தல் வேண்டும். மின்னிணைப்பை நீக்கிய பின்னும் அதனுட் கொல்லும் மின்னழுத்தம் தங்கியிருக்கக் கூடும்.

இருவர் காட்டிய வழி

இங்கிலாந்தில் பிறையன் மே என்னும் சிறுவன், விரும்பிய கிற்றாரை வாங்க இயலாமையின், 1963இல் தந்தையாரோடு சேர்ந்து தானே ஒன்றைச் செய்யத் தொடங்கினான். பழைய கணப்படுப்பின் மரச்சட்டம் தண்டியாயிற்று. பழைய மோட்டார்ச் சைக்கிளின் சுருள்வில்கள் குதிரையில் அமர்ந்தன. முத்துச்சிப்பிப் பொத்தான்கள் மெட்டுக்களுக்கு அடையாளமாயின. 'குயீன்' இசைக்குழுவின் பெரும்புகழ் அக்கருவியோடு வளர்ந்தது. 2002இல் பக்கிங்காம் மாளிகைக் கூரைமீது நின்று அவர் வாசித்ததும் அதனையே. 2007இல் வானியற்பௌதிகத்திற் கலாநிதிப் பட்டமும் பெற்ற அவர், கைத்தொழிலும் கல்வியும் பகையல்ல என்பதற்குச் சான்று.

மற்றவர் அமெரிக்காவில் வாழ்ந்த எடி வான் ஹேலன். குறையுள்ளதென்று கழிக்கப்பட்ட உடலொன்றை 50 டொலருக்கும், தண்டியை 80 டொலருக்கும் வாங்கிப் பொருத்தினார். வேறொரு கிற்றாரின் பிக்கப்பை அதில் வைத்தார். அது கீச்சிடாதிருக்க உருக்கிய மெழுகில் தோய்த்தார். 1978இல் வெளிவந்த அவர் குழுவின் முதல் இசைத்தட்டு, அக்கருவியின் நாதத்தை உலகறியச் செய்தது.

இவ்விருவர்க்கும் பொருள்வளம் துணையாகவில்லை. கருவியைக் கூர்ந்து நோக்கும் பழக்கமே துணையாயிற்று. சீவகன் நரம்பை நோக்கியதும் அத்தகைய நோக்கே.

ஆசிரியர்களாகிய நம்மிடம் பிள்ளைகள் கொணரும் கருவிகளிற் பல மலிவானவையாகவே இருக்கும். பெற்றோரின் வருவாய் அவ்வளவே. அப்பிள்ளைக்குச் செவியில்லை என்று தீர்ப்பளிக்குமுன், மூன்றாம் மெட்டில் ஒரு விரலை வைத்து முதல் மெட்டின்மேல் உள்ள வெளியை நோக்குவோம். அதற்குக் கால் நிமிடம் போதும். தவறான தீர்ப்போ அவன் வாழ்நாள் முழுதும் நிற்கும்.