விளக்கெண்ணெய்க் காகிதத்தில் சிக்கும் ஈ

பெயரை நம்பி மணல் ஈயைத் தேடி மாமல்லபுரம் கடற்கரைக்குப் போகவேண்டாம். சுமார் 3 மில்லிமீட்டரே நீளமுள்ள அந்தப் பூச்சிக்கு அலையடிக்கும் மணல் ஆகாது. செங்கல்பட்டுப் பக்கத்து மாட்டுக்கொட்டகை, சாணி கலந்த ஈரமண், சுவர் விரிசல் போன்ற இடங்களில்தான் தேடவேண்டும்.

கணக்கெடுப்பவர்கள் விளக்கெண்ணெய் தடவிய காகிதத்தை மாலையில் சுவரோரம் மாட்டிவிட்டு, விடிந்ததும் எடுக்கிறார்கள். டார்ச் அடித்து, குழாயால் உறிஞ்சிப் பிடிப்பதும் உண்டு. பிறகு நுண்ணோக்கியில் இனம் பிரிக்கவேண்டும்; எல்லா இனமும் நோய் பரப்புவதில்லை.

அப்படிப் பரவும் நோய்களில் ஒன்று காலா அசார். அதன் கிருமியை 1903-இல் சார்லஸ் டோனவன் கண்டது சென்னை அரசு பொது மருத்துவமனையில். அதைப் பரப்புவது எது என்று அப்போது தெரியவில்லை. கிண்டி கிங் நிலையத்தின் பேட்டன் மூட்டைப்பூச்சியைச் சந்தேகித்தார். பாவம், அது நிரபராதி! மணல் ஈதான் என்பது 1942-இல், சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் தன்னார்வலர்களிடம் நடத்திய சோதனையில் உறுதியானது.