பாங்காக்கில் வாங்கிய செடியை சூட்கேஸில் வைத்துக் கொண்டுவரலாமா?

பாங்காக் டூர் முடிந்து கிளம்பும் நாள். சந்தையில் ஒரு அழகான அடீனியம் செடி கண்ணில் படுகிறது. விலையும் கம்மி. வேரில் இருக்கும் மண்ணை உதறி, பேப்பரில் சுற்றி, துணிகளுக்கு நடுவே வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ‘ஒரே ஒரு செடிதானே’ என்று தோன்றும். ஆனால் உரிய அனுமதியும் சான்றிதழும் இல்லாமல் அதைக் கொண்டுவரக் கூடாது. செடி மேல் அரசுக்கு ஒன்றும் கோபமில்லை. அதோடு ஒட்டிக்கொண்டு என்ன வருகிறது என்பதுதான் கேள்வி.

கோவையில் என்ன நடந்தது?

2008-ல் கோவை வட்டாரத்தில் பப்பாளி மரங்களில் பஞ்சை ஒட்டிவைத்ததுபோல வெள்ளை வெள்ளையாக ஒரு பூச்சி தென்பட்டது. பெயர், பப்பாளி மாவுப்பூச்சி. சொந்த ஊர் மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதி. பெண் பூச்சிக்கு இறக்கையே கிடையாது. கடல் தாண்டிப் பறந்து வர வாய்ப்பே இல்லை. இப்படிப்பட்ட பூச்சிகள் பெரும்பாலும் செடி, பழம் போன்றவற்றோடுதான் நாடு விட்டு நாடு போகின்றன.

பப்பாளியோடு அது நிற்கவில்லை. மரவள்ளி, மல்பெரி என்று பரவியது. மல்பெரி இலை போனால் பட்டுப்புழுவுக்குத் தீனி இல்லை. மருந்தடித்தும் பெரிய பலன் இல்லை. உடம்பைச் சுற்றி மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து உள்ளே இறங்காது. சொந்த ஊரில் அதைக் கட்டுக்குள் வைத்திருக்கும் எதிரிப் பூச்சிகளும் இங்கே இல்லை.

கடைசியில் 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தார்கள். மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் குளவி இது. அந்தக் குளவியைக்கூட நேராகத் தோட்டத்தில் விடவில்லை. பெங்களூருவில் தனிமைப்படுத்தி, மற்ற உயிர்களுக்குத் தொல்லை தராது என்று சோதித்த பிறகே விட்டார்கள். அதன் பிறகுதான் விவசாயிகள் மூச்சு விட்டார்கள். ஆனாலும் 2020-ல் கேரளத்தின் திருச்சூரில் மரவள்ளி மாவுப்பூச்சி தென்பட்டது. பின்னர் சேலம், நாமக்கல் பக்கமும் வந்தது. அதற்குக் குளவி வந்தது ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து!

சரி, விதி என்ன சொல்கிறது?

அடிப்படைச் சட்டம் 1914-ல், வெள்ளைக்காரர் காலத்தில் வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2003-ம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை. நட்டு வளர்ப்பதற்காக விதையோ கன்றோ கொண்டுவருவதென்றால், முதலில் இங்கே இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும். அடுத்து, அனுப்பும் நாட்டு அரசு சோதித்துத் தரும் தாவர சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். கடைக்காரர் எழுதித் தரும் சீட்டு செல்லாது. வந்து இறங்குவதும் இதற்கென அறிவிக்கப்பட்ட இடங்கள் வழியாகத்தான். சென்னை அவற்றில் ஒன்று. சில வகைச் செடிகளை வந்த பிறகும் தனி இடத்தில் வளர்த்து, நோய் தென்படுகிறதா என்று பார்ப்பார்கள். மண்ணோடு வந்தால் சிக்கல் இன்னும் பெரிது.

“என் செடி சுத்தமாத்தானே இருக்கு?” என்று கேட்கலாம். வைரஸ் தொற்றிய செடி பல நாள் பச்சைப்பசேல் என்றே இருக்கும். வேரைத் தாக்கும் நூற்புழு கண்ணுக்கே தெரியாது. பிளாட் பால்கனியில் வைத்தாலும் காற்று, எறும்பு, பக்கத்து வீட்டுக்கு வெட்டிக் கொடுக்கும் ஒரு கிளை போதும்.

இவ்வளவு காகித வேலை ஒரு செடிக்கா என்ற எரிச்சல் நியாயம்தான். ஒரு செடிக்காக யாரும் இதைச் செய்யமாட்டார்கள். ஆசை விடவில்லையென்றால், இங்கேயே வளர்த்து விற்கும் நர்சரியில் அதே அடீனியத்தைத் தேடுவது சுலபம். ஏற்கெனவே பையில் இருந்தால், விமான நிலையத்தில் சுங்கப் படிவத்தில் விதை, செடி பற்றிக் கேட்கும் இடத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அனுமதி இல்லாத செடி கையை விட்டுப் போகும், அவ்வளவுதான்.

ஆன்லைன் விதைக்கும் இதே விதிதான். 2020-ல் பல நாடுகளில், ஆர்டரே செய்யாதவர்களுக்கு மர்ம விதைப் பொட்டலங்கள் தபாலில் வந்தன. இந்திய வேளாண் அமைச்சகமும் அப்போது மாநிலங்களை எச்சரித்தது. அப்படி ஏதாவது வந்தால் பிரிக்க வேண்டாம், தொட்டியில் ஊன்ற வேண்டாம், குப்பையிலும் வீச வேண்டாம். கவரோடு அருகிலுள்ள வேளாண் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.