மார்ச் 48-ஆம் தேதி!

‘‘ஏங்க, இந்த சனிக்கிழமை உங்களுக்கு வேற வேலை ஒண்ணும் இல்லையே?’’

கல்யாணமானவர்களுக்கு இந்தக் கேள்வியின் அபாயம் தெரியும். ஆகாதவர்கள் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ‘இல்லை’ என்றால் மாட்டினோம். ‘இருக்கு’ என்றால், ‘அப்படி என்ன வேலை?’ என்று இரட்டிப்பாக மாட்டினோம். நான் அரசு அலுவலகத்தில் பதினோரு வருஷம் பைல் தள்ளி அனுபவம் பெற்றவன். பதிலே சொல்லாமல் பேப்பரை விரித்துக்கொண்டேன். மௌனம் சம்மதம் என்று அவளே முடிவு செய்துவிட்டாள்.

இது நடந்தது 2021 ஏப்ரலில். எங்கள் ஊர் மணப்பட்டு. புதுச்சேரியிலிருந்து கடலூர் ரோட்டில் வந்து கன்னியக்கோயில் பக்கம் இடது கையில் திரும்பினால் சவுக்குத் தோப்பு, அதைத் தாண்டினால் கடல். பாகூர் கொம்யூனைச் சேர்ந்தது. என் மனைவி இந்த வட்டாரத்தில் ஒரு அரசுத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர்.

அந்த வருஷம் எப்படி இருந்தது என்று உங்களுக்கே ஞாபகம் இருக்கும். கொரோனாவால் மாதக்கணக்கில் மூடிக் கிடந்த பள்ளிகள் ஜனவரியில் திறந்தன. பிள்ளைகள் ஸ்லேட்டையும் டீச்சரையும் அடையாளம் கண்டுபிடித்து உட்காருவதற்குள், மார்ச் 22-லிருந்து ஒன்று முதல் எட்டு வரை மறுபடியும் மூடிவிட்டார்கள். பரீட்சை கிடையாது, எல்லாரும் பாஸ்!

நாங்கள் படித்த காலத்தில் இப்படி ஒரு அறிவிப்பு வந்திருந்தால் ஊரில் கோயில் கட்டிக் கும்பிட்டிருப்போம். என் மனைவி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

‘‘பரீட்சை இல்லாம போகட்டும். கடைசி நாளும் இல்லாம போகலாமா? ஆளுக்கு ஒரு மிட்டாய் குடுத்து, ‘அடுத்த வருஷம் மூணாவதுடா, ஒழுங்கா இருங்க’ன்னு சொல்லி அனுப்பணும். அதைக்கூட சொல்லலை.’’

ஏப்ரல் 6-ஆம் தேதி சட்டமன்றத் தேர்தல். பூத் டியூட்டி முடிந்து வந்தவள் ஒரு முடிவோடு வந்தாள். 17-ஆம் தேதி, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு போனிலேயே கடைசி நாள் வகுப்பு. பத்தொன்பது பிள்ளைகள். அவள் டீச்சர். நான் பியூன்.

பியூன் வேலை என்பது போனைப் பிடித்துக்கொண்டு நிற்பது. அவளுடைய போன் பத்து நிமிஷத்தில் சூடாகி அணைந்துவிடும் என்பதால் என் போன். அந்த போனுக்கு ஏற்கெனவே ஒரு சரித்திரம் உண்டு. பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அவள் என்னையும் சேர்த்து வைத்திருந்தாள். ஒருநாள் ஆபீஸ் குரூப் என்று நினைத்து, ‘சூப்பரின்டென்டன்ட் இன்னிக்கு லீவாம். அரை மணி லேட்டா வரேன்’ என்று அதில் போட்டுத் தொலைத்தேன். இரண்டு அப்பாக்கள் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஒருவர் மட்டும், ‘அப்போ இன்னிக்கு ஹோம்வொர்க் உண்டா சார்?’ என்று கேட்டிருந்தார்.

பத்து மணி. அரிசி டப்பாவின் மேல் போன். முதலில் தெரிந்தது ஒரு மின்விசிறி. அப்புறம் ஒரு மூக்கு. அப்புறம் ஒரு தாத்தாவின் காது. அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, ‘‘அலோ... அலோ... யாரு பேசறது?’’ என்று கத்த, பதினோரு வீட்டிலும் அது எதிரொலித்தது.

‘‘வீட்டுல இருக்கிற ஒரு பொருளை எடுத்து வந்து காட்டி, அதைப் பத்தி மூணு வரி சொல்லணும்’’ என்றாள் மனைவி.

ஒருவன் நெத்திலி காயப்போட்ட முறத்தைத் தூக்கி வந்தான். ஒருத்தி விழுந்த பல்லைக் காட்டி, ‘‘இது என் பல். இது வெள்ளையா இருக்கும். இது இப்ப என்கிட்ட இல்லை’’ என்றாள். கையில் வைத்துக்கொண்டே! ஒருவன் கோழியைக் கொண்டு வந்தான். கோழி பேசவிடவில்லை. பின்னணியில் லுங்கியோடு குறுக்கே வந்த ஒரு அப்பா, கேமராவைப் பார்த்ததும் புலியைக் கண்ட மாதிரி ஓடினார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மனைவியும் சிரித்தாள். முடிந்ததும் வருகைப் பதிவேட்டில் பேனாவை ஓட்டினாள். சிரிப்பு நின்றுவிட்டது.

‘‘பதினொண்ணு. எட்டுப் பேர் வரலை. போன மாசத்துலேர்ந்தே இதே எட்டுப் பேர்.’’

ஆறுதல் சொல்ல வேண்டியது புருஷ லட்சணம். எனக்குத் தெரிந்த பொது அறிவை அவிழ்த்து விட்டேன். ‘‘தூரத்துல இருந்து பாடம் நடத்தறது ஒண்ணும் புதுசில்லை தெரியுமா? ஆஸ்திரேலியாவுல ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்னு ஒரு ஊர். 1951-லேயே ரேடியோவில ஸ்கூல் நடத்தினான். பறக்கும் டாக்டர்களுக்கு வச்சிருந்த ரேடியோதான். நூத்துக்கணக்கான மைலுக்கு அந்தப் பக்கம் மாட்டுப் பண்ணையில இருக்கிற பிள்ளைங்க அதுல ‘குட்மார்னிங் டீச்சர்’னு சொல்லும்.’’

‘‘அந்தப் பிள்ளைங்க பக்கத்துல யாரு உட்கார்ந்திருந்தாங்க?’’

யோசித்தேன். ‘‘அம்மாதான். பெரும்பாலும் அம்மாதான் கூட உட்கார்ந்து சொல்லிக் குடுக்கணும்.’’

‘‘ம்.’’

விடுவேனா? ‘‘நம்ம நாட்டுலேயே 1975-ல ஒரு வருஷம், அமெரிக்காக்காரன் சாட்டிலைட்டை வாங்கி, ஆறு மாநிலத்துல 2,400 கிராமத்துக்கு டி.வி. காட்டினாங்க. காலையில பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குன்னே நிகழ்ச்சி.’’

‘‘அங்க?’’

‘‘ஊருக்குப் பொதுவா ஒரு டி.வி. எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து பார்ப்பாங்க.’’

‘‘ஆக, எங்கேயும் பக்கத்துல ஒரு ஆள் இருந்திருக்கு. இந்த எட்டுப் பேர் பக்கத்துல யாரு? வண்டிய எடுங்க!’’

மாஸ்க்கை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். கைப்பையில் மிட்டாய்ப் பொட்டலம். வெயில் மண்டையைப் பிளந்தது.

எட்டு வீட்டிலும் ஏழு வீட்டில் போன் இருந்தது. அதுதான் எனக்கு ஆச்சரியம். போன் இல்லாததால் வரவில்லை என்றே நினைத்திருந்தேன். ஒரு வீட்டில் போன் அப்பாவோடு கடலுக்குப் போய்விட்டது. இன்னொன்று கொத்தனாரோடு கடலூருக்கு. மற்றொன்றில் நெட் கார்டு முடிந்து பதினைந்து நாள் ஆகிறது. ஒரு வீட்டில் போன் இருக்கிறது, அதை இயக்கத் தெரிந்தவர் இல்லை. பாட்டி மட்டும்.

(அந்த வருஷம் நவம்பரில் வந்த ‘அசர்’ ஆய்வும் இதைத்தான் சொன்னது. கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளில் ஸ்மார்ட்போன் இருந்தது 2018-ல் நூற்றுக்கு 36.5, 2021-ல் 67.6. ஆனால் போன் இருக்கிற வீட்டிலும் நாலில் ஒரு பிள்ளைக்கு அது கைக்குக் கிடைப்பதே இல்லை.)

கடைசியாகப் போன வீடு ஒரு சிமென்ட் ஷீட் வீடு. வாசலில் ஒரு சின்னப் பெண். டீச்சரைப் பார்த்ததும் உள்ளே ஓடிப்போய், தலையைச் சீவிக்கொண்டு, அப்புறம்தான் வெளியே வந்தது. உள்ளே பாயில் அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தான். கம்பெனியில் நைட் ஷிப்ட். தலையணைக்கு அடியில் போன்.

எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். இருபத்து மூணு, இருபத்து நாலு வயசு இருக்கும். என்னைப் போல, உங்களைப் போல சம்பளத் தேதியை எண்ணுகிற பையன்.

‘‘குடுக்கக் கூடாதுன்னு இல்ல டீச்சர். கீழ போட்டு உடைச்சிட்டான்னா... இன்னும் நாலு டியூ பாக்கி இருக்கு.’’

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. என் போனை என் தங்கச்சி மகன் தொட்டால் நானும் இதையேதான் சொல்வேன்.

அப்போதுதான் மனைவி சுவரைப் பார்த்தாள். பாய்க்கு எதிரே, ஒரு குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில், சாக்பீஸால் வரிசையாகத் தேதிகள். 22.3.2021. அதன் கீழே 23.3.2021. அப்படியே 30, 31. அப்புறம்?

32.3.2021. 33.3.2021. 34.3.2021...

கடைசி வரியில் அன்றைய தேதி. 48.3.2021!

நான் சிரித்துவிட்டேன். மனைவி சிரிக்கவில்லை. ‘‘கிளாஸ்ல தினமும் போர்டுல தேதி எழுதறது இவதான்’’ என்றாள் என்னிடம். பிறகு அந்தப் பெண்ணிடம், ‘‘31-க்கு அப்புறம் ஏம்மா மாசத்தை மாத்தலை?’’

குழந்தை ஒரு வினாடி கூட யோசிக்கவில்லை. ‘‘தேதி நான் எழுதுவேன். மாசத்தை நீங்கதானே மாத்துவீங்க டீச்சர்?’’

எனக்குச் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிட்டது. ஒருநாள் கூட விடாமல் எழுதியிருக்கிறாள். இருபத்தேழு வரி. எண்ணிக்கையில் ஒரு பிசகு இல்லை. மாதத்தை மாற்றத்தான் ஆள் வரவில்லை.

இதே பாகூரில் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே ஒரு வித்யாஸ்தானம் இருந்தது. அதற்குப் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில் மூன்று கிராமங்களை மானியமாகக் கொடுத்ததாகச் செப்பேடு சொல்கிறது. ஆபீஸில் பெருமையாகப் பேசுவேன். அந்தச் சுவருக்கு முன்னால் நின்றபோது அந்தப் பெருமையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மனைவி தரையில் உட்கார்ந்தாள். குழந்தையின் கை விரல்களை மடக்கி முஷ்டியாக்கினாள். ‘‘இந்த முட்டி ஜனவரி. மேடு, முப்பத்தொண்ணு. பள்ளம் பிப்ரவரி, அது மட்டும் குட்டி மாசம். அடுத்த மேடு மார்ச், முப்பத்தொண்ணு. அடுத்த பள்ளம்?’’

‘‘ஏப்ரல்... முப்பது?’’

‘‘ஆங்! அப்ப இன்னிக்கு?’’

குழந்தை சுவரைப் பார்த்தது. விரலை எண்ணியது. உதடு அசைந்தது. ‘‘ஏப்ரல் பதினேழு!’’

திரும்பிப் பார்த்தேன். அண்ணன்காரன் தன் முஷ்டியை மடக்கி வைத்துக்கொண்டு மேடு பள்ளம் எண்ணிக்கொண்டிருந்தான். ‘‘இது எனக்கே தெரியாது டீச்சர்’’ என்றான். கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தான். ‘‘தினம் இதுக்கு எதிர்லதான் படுக்கறேன். ஒருநாள் கூட என்னான்னு படிச்சதில்ல.’’

கிளம்பும்போது வண்டி வரை வந்தான். ‘‘காலையில எட்டு மணிக்கு வந்துடுவேன். எட்டரைலேர்ந்து ஒம்பது வரைக்கும் போன் அவகிட்ட. நான் பக்கத்துல உட்கார்ந்துக்கறேன். பாதி தூக்கத்துல இருப்பேன், பரவால்லையா?’’

‘‘பரவால்ல. முட்டி மட்டும் மடக்கத் தெரிஞ்சா போதும்’’ என்றாள் மனைவி.

அந்த அக்டோபர் 27-ஆம் தேதி, எங்களுக்கு வடக்கே மரக்காணம் பக்கத்தில் முதலியார்குப்பத்தில், தமிழ்நாடு அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது. ஊரில் படித்தவர்களே தன்னார்வலர்களாகச் சாயங்காலம் பிள்ளைகளோடு உட்காரும் திட்டம். பேப்பரில் படித்ததும் மனைவியிடம் காட்டினேன். ‘‘பக்கத்துல ஆள்’’ என்றாள் சுருக்கமாக.

டிசம்பர் 6-ஆம் தேதி எங்கள் பக்கம் தொடக்கப் பள்ளிகள் திறந்தன. மனைவியை வண்டியில் கொண்டு விட்டேன். மூன்றாம் வகுப்பு வாசலில் அந்தப் பெண். இரண்டு அங்குலம் வளர்ந்திருந்தாள். எட்டி எட்டி போர்டில் தேதி எழுதிக்கொண்டிருந்தாள். 6.12.2021.

ஆபீஸ் போகிற வழியில் முஷ்டியை மடக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாங்கள் அந்த வீட்டுக்குப் போகாமல் இருந்திருந்தால், அந்தச் சுவரில் அன்றைக்கு மார்ச் 281.