உறைந்து கிடந்த 24 ஆண்டுகள்

தமிழகத்தில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், 2022 ஏப்ரல் தொடக்கத்தில் சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்தது. சென்னையின் பழைய மாநகராட்சிப் பகுதியில் 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 50 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு 150 சதவீதம் என்றார்கள். வணிகக் கட்டடங்களுக்கும் 150 சதவீதம். மக்கள் கொதித்துப்போனதில் வியப்பில்லை. எந்தக் குடும்பமும் ஒரே நாளில் இரண்டரை மடங்கான பில்லை எதிர்பார்த்து வரவு செலவு போடுவதில்லை. ஆனால் அந்தக் கோபம் சென்று சேர வேண்டிய இடம் 2022 அல்ல, அதற்கு முந்தைய ஆண்டுகள். சென்னையில் சொத்து வரி அதற்குமுன் பொதுச் சீராய்வு கண்டது 1998-இல். மற்ற நகரங்களில் 2008-இல். 2018-இல் ஒரு முறை உயர்த்தினார்கள், எதிர்ப்பு வலுத்ததும் அடுத்த ஆண்டே நிறுத்திவைத்தார்கள். வரியைத் தொடாமல் விடுவதை ஆட்சியாளர்கள் சலுகையாகக் காட்டினார்கள், நாமும் அப்படியே எடுத்துக்கொண்டோம். அது சலுகையே அல்ல, கடைசியில் மொத்தமாக வந்து விழுந்த பாக்கி என்பதே என் வாதம்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1998-இல் 1,000 ரூபாய் வரி கட்டிய வீட்டுக்கு ஆண்டுதோறும் 4 சதவீதம் மட்டும் கூட்டிக்கொண்டே வந்திருந்தால், 24 ஆண்டுகளில் அது 2,560 ரூபாய் ஆகியிருக்கும். எல்லோரையும் அதிர வைத்த 150 சதவீத உயர்வில் கிடைப்பதோ 2,500 ரூபாய்தான். சிறு வீடுகளுக்கான 50 சதவீத உயர்வை அதே 24 ஆண்டுகளுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 1.7 சதவீதம்தான் வருகிறது. அந்தக் காலத்தில் விலைவாசி ஏறிய வேகத்துக்கு இது மிகவும் குறைவு. ஆண்டுதோறும் சிறுகச் சிறுகக் கூடியிருந்தால் யாரும் பெரிதாகக் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

வரி உறைந்த அந்தக் காலத்தில் செலவு உறையவில்லை. குப்பை லாரிக்குப் போடும் டீசல், தூய்மைப் பணியாளரின் சம்பளம், மழைநீர் வடிகாலுக்கான சிமென்ட், தெருவிளக்கின் மின் கட்டணம் எல்லாம் ஏறிக்கொண்டே போயின. 2011-இல் சென்னையின் பரப்பளவு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. சொந்த வருமானம் போதாத மாநகராட்சி வேறெங்கே போகும்? கோட்டையிடமும் டெல்லியிடமும் கையேந்தியது. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் பகிரப்படுகிறது. மத்திய நிதி ஆணையத்தின் மானியம் தனி. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது விளம்பர வரி போன்ற சிறு வருவாய்களும் கைவிட்டுப் போயின. இந்தியாவின் நகராட்சிகள், மாநகராட்சிகள் அனைத்தின் வருவாயையும் கூட்டினாலும் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 1 சதவீதம்தான் என்று ரிசர்வ் வங்கியின் 2022 அறிக்கை சொல்கிறது. பிரேசிலில் இது 7 சதவீதத்துக்கு மேல்.

மானியம் நிபந்தனையோடுதான் வரும். சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்க வேண்டும், வசூல் மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாக வளர வேண்டும், அப்போதுதான் பணம் என்றது 15-ஆவது நிதி ஆணையம். 2022 உயர்வுக்கு அரசு சொன்ன முக்கியக் காரணமே இதுதான். அதாவது, 1688-இல் தோன்றிய ஒரு மாநகராட்சி தன் வீட்டு வரியை எப்போது, எவ்வளவு உயர்த்துவது என்பதை அதன் மாமன்றம் பேசித் தீர்மானிக்கவில்லை. எனக்கு வரித் தொகையைவிட இதுதான் அதிகம் உறுத்துகிறது. வரியைத் தீர்மானிக்காத கவுன்சிலரிடம் செலவுக்குக் கணக்குக் கேட்டால் ‘அரசு நிதி ஒதுக்கவில்லை’ என்று சொல்லி அவர் எளிதில் நழுவிவிடலாம்.

முதலில் சாலையைப் போடட்டும், பிறகு வரி கேட்கட்டும் என்ற எதிர்ப்பு நேர்மையானதுதான். ஆனால் அதையே நிபந்தனையாக வைத்தால் காரியம் தொடங்கவே தொடங்காது. குழியான சாலைக்கு ஊழலும் அலட்சியமும் எவ்வளவு காரணமோ, ஒப்பந்ததாரருக்குக் கொடுக்கப் பணமில்லாததும் அவ்வளவு காரணம்.

இதைவிடக் கனமான எதிர்ப்பு ஒன்று உண்டு. பெரிய தெருவில் பரம்பரை வீடு, கையில் ஓய்வூதியம் மட்டும் என்று வாழும் முதியவருக்கு வீட்டின் மதிப்பு ஏறியதால் என்ன பயன்? அவருக்காக ஊர் முழுவதற்கும் வரியை உறைய வைத்தால், ஆதாயத்தில் பெரும்பங்கு நாலு மாடி வைத்து வாடகை வாங்குபவருக்குத்தான் போகும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 55 வயதைக் கடந்தவர்கள் சொத்து வரியைத் தள்ளிப்போடலாம். வீடு கைமாறும்போது வட்டியோடு பாக்கி கழிக்கப்படும். இங்கும் அதைச் செய்யத் தடையொன்றும் இல்லை. மாறாக, கலிஃபோர்னியா 1978-இல் எல்லோருக்கும் பூட்டுப் போட்டது: வீடு விற்கப்படும்வரை அதன் வரி மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. விளைவு, அடுத்தடுத்து நிற்கும் ஒரே மாதிரி வீடுகளில் பழைய உரிமையாளர் கட்டுவதைப்போலப் பல மடங்கு வரியைப் புதிதாக வாங்கியவர் கட்டுகிறார்.

நம்மிடமும் அந்த வகைக் கோணல் உண்டு. வீட்டின் பரப்பளவு, தெருவுக்கு நிர்ணயித்த அடிப்படை மதிப்பு, கட்டடத்தின் வயது, சொந்தக் குடியிருப்பா வாடகையா என்பதை வைத்து வரி கணக்கிடப்படுகிறது. தெருவின் அந்தஸ்து மாறிய வேகத்தில் அந்த மதிப்பு மாறவில்லை. 2022-இல் பழைய வரியின் மேல் சதவீதம் ஏற்றினார்களே தவிர, தெருக்களை மறுபடி மதிப்பிடவில்லை. குறைவாக மதிப்பிடப்பட்ட தெரு குறைவாகவே தொடர்கிறது. இப்போதுள்ள விதிப்படி ஆண்டுக்கு 6 சதவீதம், அல்லது மாநில உற்பத்தியின் ஐந்தாண்டுச் சராசரி வளர்ச்சி, இரண்டில் எது அதிகமோ அது. சிறுகச் சிறுக ஏற்றும் இந்த வழியை நான் ஆதரிக்கிறேன். ஆனால் தெரு மதிப்பைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தாமல் இதை மட்டும் ஓட்டினால் பழைய அநீதியும் கூடவே 6 சதவீதம் வளரும்.

கட்டும் வரி எங்கே போகிறது என்பதும் நமக்குத் தெரிவதில்லை. பில்லையே பாருங்கள். அரையாண்டுச் சொத்து வரியோடு 10 சதவீத நூலக வரியும் அதில் சேர்ந்திருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் வழியாக வந்தது அது. உள்ளாட்சி வசூலித்து நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டிய பணம். கட்டுகிறவர் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரிந்தவர்தானே தன் பேட்டை நூலகத்துக்குப் புதுப் புத்தகம் ஏன் வரவில்லை என்று கேட்க முடியும். அப்படிக் கேட்பதற்கான இடமும் உண்டு: தமிழகத்தில் வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் 2022-இல் விதிகள் வகுக்கப்பட்டுவிட்டன. பகுதி சபை கூடும் நாளில் அந்த வார்டில் வசூலான சொத்து வரி எவ்வளவு, நிலுவை எவ்வளவு, அங்கே செலவானது எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதி ஒட்ட வேண்டும். வார்டு வாரியாக வசூல் விவரம் மாநகராட்சியின் கணினியில் இருக்கிறது; அடுத்த 6 சதவீதத்தைக் கேட்பதற்குமுன் அதை வெளியே எடுத்து வைக்கட்டும்.